உதைக் கழட்டு

அம்மா படியில் ஒரு காலும் முற்றத்தில் ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டார். கையில் கோயிலுக்குக் கொண்டுபோன தட்டு. விறாந்தை வளையில் ஏழு ஜாம் போத்தல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சணல் கயிறு, உள்ளே சுருட்டிப் போட்ட சின்னச் சின்ன எல்.இ.டி. மணிகள். மகள் அப்போதுதான் சுவிட்சைப் போட்டிருந்தாள். சொல்லக் கூடாது, வடிவாகத்தான் இருந்தது.

"என்னத்துக்கு உதை உங்கை கொழுவி வைச்சிருக்கிறியள்?"

"சோடனை அம்மம்மா. கனடாவில இருந்து மாமா ஆக்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகினம் எல்லே?"

"சோடனையோ? உதைக் கழட்டு."

அவ்வளவுதான். அம்மா உள்ளே போய் விபூதித் தட்டைச் சாமியறையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் மெதுவாக, "விடு, அம்மம்மாவுக்கு அது வேறை ஞாபகம்" என்றேன். காரணம் எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அடுத்த மூன்று கிழமையும் அந்தக் காரணத்தைச் சுமந்துகொண்டுதான் திரிந்தேன்.

ஓ. எல். சோதனை முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். சிலதுகள் தூங்கும், சிலதுகள் ஆங்கில வகுப்புக்குப் போகும். என்னுடையது யூரியூப் பார்த்து வீட்டைச் சோடிக்க வெளிக்கிட்டது. முதலில் ஐஸ்கிறீம் குச்சியில் ஒரு கண்ணாடிச் சட்டம். பிறகு, பனங்கிழங்கு கிண்டிய பாத்தியில் மிஞ்சிக் கிடந்த ஊமல்களை, முளைத்து முடிந்த பனங்கொட்டைகளை, பொறுக்கி வந்து, தும்பைச் சீப்பால் வாரித் தாடியும் மீசையும் விட்டு, கண் கீறி, ஜன்னல் விளிம்பில் ஆறு கிழவர்களை இருத்தினாள். ஊமலை அடுப்பில் எரித்திருக்கிறோம், அதன் கரியால் பல் விளக்கியிருக்கிறோம். அதற்குள் இத்தனை முகங்கள் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த ஆறு பேரையும் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஒருவருக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த காலஞ்சென்ற ஒரு பெரியவரின் பெயரைக்கூட வைத்தார். அதை இங்கே எழுத முடியாது, பேரப்பிள்ளைகள் வாசிக்கிறவர்கள்.

சுளகில்தான் முதல் சண்டை வந்தது. புதுச் சுளகு ஒன்றை வாங்கி, அக்ரிலிக் பெயின்ரால் பரதநாட்டியப் பெண்ணின் முகத்தை வரைந்து ஹோல் சுவரில் ஆணியடித்துக் கொழுவினாள். இப்போது கலியாண வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இதைப் பார்க்கலாம். அம்மா நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டார், "அரிசியை இனி நடராசர் படத்திலயோ புடைக்கிறது?" நான் சிரித்துவிட்டேன். அப்போதே கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். அம்மாவின் கோபம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஆனால் எனக்கு என் காரணம் போதுமாக இருந்தது.

போத்தலுக்குள் இருந்த காலம்

1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனபோது எனக்கு ஒன்பது வயது. திரும்ப ஒழுங்காக ஒரு பல்ப் எரிவதைப் பார்க்கும்போது நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன். இடையில் இருந்த காலத்தின் வெளிச்சம் ஜாம் போத்தல்தான். என் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் மகளின் வயதுக்காரரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போத்தலின் அடியில் ஒரு பிடி பஞ்சு. அது ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் பழைய வால்வுக்குள் நூல்திரியை விட்டு, தகரத் துண்டில் கோத்து, பஞ்சைத் தொடுகிற மாதிரி உள்ளே இறக்க வேண்டும். சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்கும், போத்தலே சிமிலியாகிவிடும். காற்றுக்கு அணையாது. தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் பஞ்சுக்குள் இருப்பதால் ஊற்றுப்படாது. அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெயோடு பார்த்தால் இது நக்குகிற எண்ணெய். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி இருந்த நாட்களில் யாரோ ஒரு மூளைசாலி கண்டுபிடித்து, கொஞ்ச நாளிலேயே குடாநாடு முழுக்கப் பரவிய சாமான்.

அந்த விளக்கின் முன்னால் நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படித்தேன். தலைமயிர் முன்பக்கம் கருகிய மணத்தோடு பள்ளிக்கூடம் போனேன். காலையில் மூக்கைச் சிந்தினால் கைலேஞ்சி கறுப்பு. பின்னேரங்களில் அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி சொல்லும். சவர்க்காரத்துக்குப் பனம்பழம். பேப்பரின் இரண்டு பக்கமும் எழுதி முடித்த கொப்பியில் கடலைச் சுருள். அப்போது யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் கைவேலைதான் நடந்தது. அதற்குக் கைவேலை என்ற பெயர் மட்டும் இல்லை.

ஆகவே என் காரணம் இதுதான். ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் எரித்த விளக்கை இன்றைக்குப் பிள்ளை வடிவுக்குத் தொங்கவிடுகிறாள். பாட்டியால் அதைப் பார்க்க முடியவில்லை. எவ்வளவு நேர்த்தியான காரணம் பாருங்கள். வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன், எல்லோரும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்கள். ஒரு கலியாண வீட்டில் சொன்னேன், பக்கத்தில் இருந்த மாமி கண்ணைத் துடைத்தார். அப்புறம் முகநூலில் எழுதினேன். "அன்று தேவை, இன்று சோடனை" என்று ஒரு வரியும் அதில் இருந்தது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பள்ளித் தோழிகள் அழுகிற முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். இதுவரை நான் எழுதிய எதையும் அத்தனை பேர் பகிர்ந்ததில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இரவு படுக்கையில் அந்தப் பின்னூட்டங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒரே ஒரு விஷயம் இடித்தது. 2022 பங்குனி கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது அம்மாவுக்கு ஜாம் போத்தல் ஞாபகமே வரவில்லை. அந்த இருட்டில் அவருக்கு எதுவும் திரும்பி வந்த மாதிரித் தெரியவில்லை. "சார்ஜ் லைற் எங்கை?" என்று கேட்டார், கிடைத்ததும் அதை வைத்துக்கொண்டு ஈர்க்கு வார்ந்தார். அது நினைவுக்கு வந்தபோது, எல்லோரும் ஒவ்வொரு விதம் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டேன். நல்ல கதை ஒன்று கையில் இருக்கும்போது அதற்கு ஒத்துவராத சங்கதியை ஒதுக்குவது சுலபம்.

பசை இளகிய பின்னேரம்

எங்கள் விறாந்தை மேற்குப் பார்த்தது. மகள் கயிற்றைப் போத்தலில் ஒட்டியது குளூ கன்னால். சூடாக்கினால் இளகிக் குளிர்ந்தால் இறுகுகிற பசை அது. யூரியூப்பில் அதைச் செய்து காட்டிய பெண்ணின் வீட்டில் ஏசி இருந்திருக்கும். வழவழப்பான கண்ணாடியில் அது பிடிப்பதே அரைகுறை, அதில் ஆடி மாதத்துப் பின்னேர வெயிலும் நேரே அடித்தால் என்ன ஆகும்? போதாததற்குச் சோளகக் காற்று. போத்தலோடு போத்தல் முட்டி கிணுகிணு என்று ஒரு கிழமை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு நாலாவது போத்தல் கயிற்றை மட்டும் வளையில் விட்டுவிட்டுக் கீழே வந்து சிதறியது. நல்லகாலம், ஆளில்லை.

மகள் அழுகிற நிலையில் தும்புத்தடியோடு நின்றாள். அம்மா வந்தார். ஒரு கண்ணாடித் துண்டைக் கூட விடாமல் பொறுக்குவித்தார். பிறகு ஒட்டியிருந்த கயிறு ஒன்றை இழுத்துப் பார்த்தார், அது முழுசாகக் கழன்று வந்தது.

"ஒட்டிப்போட்டுத் தூக்கினா விழாமல் என்ன செய்யும்? உறி கட்டத் தெரியாதோ?"

மகளுக்கு உறி என்ற சொல்லே தெரியாது. எனக்குச் சொல் தெரியும், கட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் கடைசியாக உறி தொங்கியது அப்பம்மாவின் குசினியில், தயிர் முட்டியோடு. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல். அம்மா நிலத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு, சணல் கயிற்றில் நாலு துண்டு வெட்டி, நடுவில் மடித்து எட்டாக்கிப் பெருவிரலில் மாட்டினார். இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு முடிச்சு. நாலு விரற்கடை விட்டு, ஒரு சோடியில் ஒன்றையும் பக்கத்துச் சோடியில் ஒன்றையும் எடுத்து அடுத்த முடிச்சு. மகள் கத்தினாள், "அம்மம்மா, இது மக்ரமே!" கைப்பேசியைத் திறந்து காட்டினாள். பூச்சட்டி தொங்குகிற வெள்ளை நூல் வலை. அதே நாலு, அதே எட்டு, அதே முடிச்சு. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "முடிச்சு இறுக்கமில்லை" என்றார்.

அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். இவ்வளவு உதவுகிறாரே, மனம் ஆறிவிட்டது போல, இப்போது கேட்கலாம் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு உதைப் பார்க்கக் கஷ்டமா இருந்தால் வேண்டாம். அந்தக் காலம் ஞாபகம் வரும்தானே" என்றேன்.

"எந்தக் காலம்?"

"போத்தல் விளக்குக் காலம்."

அம்மா கயிற்றிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். குழந்தை ஏதோ உளறுகிறது என்கிற பார்வை.

"நீ பிறிச்சைத் திறந்து பாக்கிறேல்லையோ?" என்றார். "கீழ்த்தட்டில ஒரு ஐஸ்கிறீம் டப்பா கிடக்கு. போய்ப் பார்."

போய்ப் பார்த்தேன். ஒரு லீற்றர் டப்பா, விளிம்பு வரை ஜாம். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் விளாம்பழ ஜாமின் மண்ணிறம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலங்கி. மகள் நிலத்தைப் பார்த்தாள். வீட்டில் மூன்று வெறும் போத்தல்தான் இருந்ததாம். வரிசைக்கு ஏழு வேண்டும். மற்ற நாலையும் ஜாமோடு வாங்கி, ஜாமை டப்பாவில் வழித்து வைத்துவிட்டாள். சணல் கயிறு வேறு. குளூ கன்னும் அதன் குச்சிகளும் வேறு.

"ஜாம் முடிஞ்சால் போத்தல் மிஞ்சும். போத்தல் வேணுமெண்டு ஜாம் வாங்கினவளை என்ர எழுபத்தெட்டு வயசுக்கு இப்பதான் பாக்கிறன்" என்றார் அம்மா. "நாலு ஜாமையும் ஒண்டாக் கலந்தும் வைச்சிருக்கிறாள். அதை எந்தப் பாணில பூசுறது? அதுதான் கழட்டச் சொன்னனான்."

மூன்று கிழமை, ஒரு மதியச் சாப்பாட்டு மேசை, ஒரு கலியாண வீடு, முகநூல், ரொறொன்ரோ, லண்டன். எல்லாம் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் போய் விழுந்தன. ஆனாலும் நான் விடவில்லை. விட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. "அதுசரி, ஆனால் அந்த விளக்கு நாங்கள் வேறை வழியில்லாமல் எரிச்சதுதானே, இது சும்மா சோடனைக்கு" என்று என்னுடைய அந்த வரியை அவரிடமே சொன்னேன்.

"ஏன், அது சோடிக்கேல்லையோ?" என்றார் அம்மா. "நூல் சுத்தினது மறந்துபோச்சோ? தம்பியின்ர தொட்டில் தொப்பியை அவிட்டு, போத்தலின்ர அடியில சுத்தினனான். படிக்கிற மேசைக்குச் சிவப்பு, சாமியறைக்குப் பச்சை."

"கை சுடாமல் தூக்கவோ?"

"அடியில என்ன சூடு? பஞ்சு ஊத்தையாத் தெரியும். பாக்க வடிவில்லை. அதுதான்."

சிவப்பா, செம்மஞ்சளா

அன்றிரவு சுவிஸில் இருக்கிற தம்பிக்கு எடுத்தேன். அவனுக்கு அப்போது நாலைந்து வயது, அவனிடம் கேட்பது மடத்தனம்தான். ஆனால் அவன் கேட்ட உடனே சொன்னான், "ஓம், நூல் இருந்தது. ஆனால் சிவப்பில்லை அக்கா, ஒறேஞ். நான் அதைப் பிச்சுப் பிச்சு அடி வாங்கினனான்." விளக்கின் அடியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு நூல் இருந்தது என்பதில் அம்மாவும் தம்பியும் ஒத்துப்போகிறார்கள். நிறத்தில் இன்னும் வழக்கு முடியவில்லை. அந்த மேசையில் வருடக்கணக்காக ஒவ்வொரு இரவும் இருந்து படித்தவள் நான். எனக்கு வால்வு ஞாபகம் இருக்கிறது, கருகிய மயிர் ஞாபகம் இருக்கிறது, கறுப்புச் சளி ஞாபகம் இருக்கிறது. நூல் மட்டும் இல்லை.

இத்தனை வருடமும் அந்தக் காலத்தைச் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரித்தான் சொல்லியிருக்கிறேன், இந்தக் கட்டுரையின் நடுவில் சொன்னேனே, அதே மாதிரி. கேட்பவர் கண் கலங்க வேண்டும் என்றால் விளக்கு கரி பிடித்ததாக இருக்க வேண்டும். அடியில் சிவப்பு நூல் சுற்றிய விளக்கைச் சொன்னால் மாமி கண்ணைத் துடைத்திருக்க மாட்டார், "அட, கெட்டிக்காரிதான்" என்றிருப்பார். சொல்லிச் சொல்லியே நூலைக் கழற்றி எறிந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா கழட்டச் சொன்னது ஒன்று, நான் கழற்றியது வேறொன்று.

ஒரு நூல் முனை கிடைத்ததும் மற்றதுகளும் வந்தன. பங்கர் வாசலில் மண் மூட்டை அடுக்கினோம். உரப்பை தீர்ந்து பழைய சேலைகளில் பை தைத்தபோது, கரை வெளிப்பக்கம் வரும்படி அம்மா தைத்தார். பொம்பர் வருகிற நாட்டில் மண் மூட்டைக்குக் கரை எதற்கு என்று அப்பா பகிடி பண்ணியதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பகிடியை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனால் அப்பாவின் பகிடியாக மட்டும். அம்மா ஏன் அப்படித் தைத்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

1995 ஐப்பசி 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, இடம்பெயர்ந்த எல்லோரோடும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனோம். அந்த இரவைப் பற்றி வேறு பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பமாக இருந்த மாதங்களை. அந்த வீட்டு ஆச்சி பெட்டி இழைக்கிறவர். அதிகாலைப் பனியில்தான் இழைப்பார், வெயில் ஏறினால் ஓலை முறியும் என்று. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, கொஞ்சத்தைச் சாயத்தில் அவித்து எடுத்து வைத்திருப்பார். அம்மா அவரிடம் இருந்து இழைக்கப் பழகினார். ஓலை இரவல், பாய் இரவல், அரிசி நிவாரணம். அந்த நிலையிலும் தன் முதல் பெட்டியின் நடுவில் இரண்டு வரி சாயவோலை ஓட்டினார். ஒரு இடத்தில் கணக்குப் பிழைத்து வரி ஒரு கட்டம் இறங்கி ஓடுகிறது. 96 இல் ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பெட்டிக்குள் வைத்துத்தான் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் வந்தன. இப்போது அம்மாவின் கட்டிலோரம் இருக்கிறது, உள்ளே பிறஷர் குளிசைகள். சாயம் வெளிறிவிட்டது, ஆனால் சாய்த்துப் பிடித்தால் வரி தெரியும். தினமும் அதில் இருந்து குளிசை எடுத்துக் கொடுக்கிறவள் நான்தான்.

அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன், அந்த நேரத்தில் எப்படி மனம் வந்தது என்று. அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "சாயவோலை கிடந்தது" என்றார்.

கனடாக்காரர் வந்தார்கள், இருந்தார்கள், தேர் பார்த்தார்கள், போனார்கள். ஆறு போத்தல்களும் உறியில் தொங்கின, ஒன்றும் விழவில்லை. மாமாவுக்கு அது எந்தப் போத்தல் என்று உடனே பிடிபட்டுவிட்டது. "வால்வு எங்கையடி?" என்று மகளிடம் கேட்டார், பிறகு ஒரு மணித்தியாலம் பழங்கதை. கரி பிடித்த பழங்கதைதான், அவருக்கும் எனக்கும் ஒரே பாடம். நான் இடையில் புகுந்து நூலைச் சொல்லப் பார்த்தேன், எடுபடவில்லை. முகநூல் பதிவை இன்னும் திருத்தவும் இல்லை, அழிக்கவும் இல்லை. போன கிழமையும் ஒரு தோழி அழுகிற முகம் போட்டிருந்தாள்.

டப்பா ஜாம் முடிய இரண்டு மாதம் பிடித்தது. பாணுக்குப் பூசி, ரொட்டிக்குத் தொட்டு, கடைசிக் கால்வாசியை அம்மா கேக் மாவில் கலந்து தள்ளிவிட்டார். முடிந்த அன்றைக்கு மகள் மெல்லத் தொடங்கினாள், வரிசையில் உடைந்த இடம் ஓட்டைப்பல் மாதிரி இருக்கிறதாம், இன்னும் இரண்டு போத்தல் இருந்தால் மற்றப் பக்கமும் சரியாக வருமாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் சேலையை மாற்றிக்கொண்டு, உரப்பைத் துணியில் தைத்த சந்தைப் பையை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினார். கோயிலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வந்து கிணற்றடியில் பையைக் கவிழ்த்தார். ஒன்பது வெறும் போத்தல்கள். மூன்று ஜாம், நாலு ஊறுகாய், இரண்டு நெல்லிரசம். வாளியில் சாம்பல் தண்ணீர் கரைத்து, லேபல் ஊறட்டும் என்று அமுக்கி வைத்துவிட்டு, பொச்சுமட்டையை மகளின் கையில் கொடுத்தார்.